சூட்டில் தளராத அலுமினியம்

அலுமினியம் உருக 660 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் அதன் வலுவான கலவைகள்கூட 200 டிகிரியிலேயே தளர ஆரம்பித்துவிடும். ஏன் இந்த அவசரம்? வெப்பத்தின் அடிமட்டத்திலிருந்தே எண்ணும் கெல்வின் அளவில் கணக்குப் போட்டால் புரியும். உருகுநிலை 933 கெல்வின். 200 டிகிரி என்பது 473 கெல்வின். அதாவது பாதி வழி தாண்டியாயிற்று; அணுக்கள் இடம் மாற அந்தச் சூடு போதும். இரும்பு தன் பாதியை எட்ட 630 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும்.

உலோகம் வளையும்போது அணு அடுக்குகள் மொத்தமாக வழுக்குவதில்லை. பெரிய விரிப்பை இழுத்து நகர்த்துவது கஷ்டம். ஓரத்தில் ஒரு சுருக்கத்தை உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போனால் விரிப்பு சுலபமாக நகரும். அணு அடுக்கில் இருக்கும் அந்தச் சுருக்கத்துக்கு இடப்பெயர்வு என்று பெயர். அதை மறித்தால் உலோகம் வலுவாகும்.

1906இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வில்ம், செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தார். ஓரிரு நாள் சும்மா கிடந்த துண்டு தானாகவே கடினமாகியிருந்தது. கலவைக்குள் செம்பு அணுக்கள் நானோமீட்டர் அளவில் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து வழியை மறித்திருந்தன என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

சரி, சூடு ஏறினால்? செம்பு அணுக்கள் இடம் மாறத் தொடங்கும். சின்னத் துகள்கள் கரைய, அந்தச் செம்பைச் சேர்த்துக்கொண்டு பெரியவை பருக்கும். துகள்களின் எண்ணிக்கை குறைந்து இடைவெளி அகலும். இடப்பெயர்வு அந்த இடைவெளியில் வில்லாக வளைந்து, துகளைச் சுற்றி ஒரு வளையத்தை விட்டுவிட்டு, தாண்டிப் போய்விடும்.

அப்படியானால் அலுமினியத்தில் கரையவே கரையாத துகள் வேண்டும். சிலிக்கான் கார்பைடு என்ற கடினமான பொருளின் துகள்கள் மைக்ரான் அளவில் கலக்கப்படுகின்றன. அது சுமையைத் தானே தாங்கி விறைப்பைக் கூட்டும். ஆனால் இடப்பெயர்வுக்கு அது அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் பாறைதான். போதாக்குறைக்கு, உருகிய அலுமினியம் அதன்மேல் எளிதில் ஒட்டாது. ஒட்டினாலும் வினைபுரிந்து, தண்ணீர் பட்டால் சிதையும் அலுமினியம் கார்பைடு உண்டாகலாம். உருகலில் சிலிக்கானை நிறையச் சேர்த்துத்தான் அதை அடக்குகிறார்கள்.

எனக்குப் பிடித்த வழி 1940களில் சுவிட்சர்லாந்தில் பிறந்தது. அலுமினியத் தூளின் ஒவ்வொரு மணியையும் மெல்லிய ஆக்சைடு தோல் மூடியிருக்கும். பற்றவைப்பவர்களுக்குத் தீராத தொல்லை தரும் அதே தோல்தான். தூளை அழுத்தி, சூடாக்கி, அச்சின் வழியே பிதுக்கினால் தோல் நொறுங்கி உலோகமெங்கும் நுண்துகள்களாகப் பரவிவிடும். இவை கரையவும் கரையாது, பருக்கவும் பருக்காது. அதனால் 400 டிகிரியிலும் பலம் ஓரளவு மிஞ்சும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சூட்டில் அணுக்கள் நகர்வதால் இடப்பெயர்வு தன் தளத்தை விட்டு ஏறி, துகளின் தலைமேல் கடந்துவிடும். ஆனால் கடந்த பிறகு விட்டுப் போக முடியாது. துகளும் உலோகமும் சந்திக்கும் பரப்பில் இடப்பெயர்வின் இறுக்கம் தளர்வதால், துகளின் முதுகுப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிய்த்துக்கொண்டு கிளம்பத் தனியாக விசை வேண்டும்.