கையெழுத்து போடத் தெரிந்தால் படிக்கத் தெரியும் என்று அர்த்தமில்லை

போன வாரம் இன்னொரு அம்மா வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். கையில் ஒரு கடன் ஒப்பந்தத்தின் நகல். குழுவில் வேறொருவர் வாங்கிய கடனுக்கு இவர் ஜாமீன் என்று அதில் எழுதியிருக்கிறது. கீழே இவருடைய கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, சுத்தமாக. “சாட்சிக்குன்னுதான் சொன்னாங்க சார்” என்கிறார். வாசித்துப் பார்க்கவில்லையா என்றால், “பேரு மட்டும்தான் எழுதப் பழக்குனாங்க.”

வயது வந்தோருக்குக் கற்பிக்கும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஆளும் ஊரும் மாறுகின்றன, கதை மட்டும் மாறுவதில்லை. இனியும் பேசாமல் இருக்க முடியாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெயரைக் கோலம் மாதிரி மனதில் பதிய வைத்து வரைந்துவிடலாம். அதற்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. ‘செல்வி’ என்று கையெழுத்து போடுகிறவரிடம் ‘செல்வம்’ என்று எழுதிக் காட்டுங்கள், வாசிக்கிறாரா பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே, ஏதாவது ஒரு மொழியில் புரிந்து வாசிக்கவும் எழுதவும் முடிந்தால்தான் ஒருவர் எழுத்தறிவு பெற்றவர். வாசிக்க மட்டும் தெரிந்தவரைக்கூட அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் வைத்த அளவுகோலைப் பாருங்கள்: நிமிடத்துக்கு 30 சொற்கள் வாய்விட்டு வாசிக்க வேண்டும், சொல்லச் சொல்ல நிமிடத்துக்கு 5 சொற்கள் எழுத வேண்டும், சிறு கடிதமும் விண்ணப்பமும் தானாக எழுத வேண்டும், கூட்டல் கழித்தல் தெரிய வேண்டும். கையெழுத்து போட்டால் தேறிவிடலாம் என்று அதில் எங்கும் இல்லை. ஆனாலும் ‘எங்கள் குழுவில் கைநாட்டே கிடையாது, எல்லோரும் எழுத்தறிவு பெற்றுவிட்டார்கள்’ என்று மேடையில் பெருமையாகச் சொல்கிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது.

இதில் உள்ள ஆபத்தைச் சொல்கிறேன். கைநாட்டு வைக்கிறவர் என்று தெரிந்தால் எதிரில் இருப்பவர் கொஞ்சம் யோசிப்பார். எழுதியதை வாசித்துக் காட்டி, விளங்கிக்கொண்டார் என்று குறித்து, சாட்சி வைப்பது வழக்கம். கையெழுத்து போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. படித்துப் பார்த்துத்தான் போட்டார் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ‘எனக்கு வாசிக்கத் தெரியாது’ என்று நிரூபிக்கும் வேலை அப்புறம் அந்த அம்மாவின் தலையில் விழும். வெறும் கையெழுத்தைச் சொல்லிக்கொடுத்து அனுப்புவது உதவி இல்லை. இருந்த ஒரு காவலையும் எடுத்துவிடுவது அது.

வயது வந்தோர் கல்வி ஒருபோதும் இப்படிச் சின்ன ஆசையோடு தொடங்கியதில்லை. 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற ஊரில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் குழு சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரப் பாடத்தில் வாசிக்கக் கற்றுக்கொடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அப்போது அந்த நாட்டில் ஓட்டுரிமை கிடையாது. ‘செங்கல்’ போல அவர்களுடைய உழைப்பில் புழங்கும் சொல்லை எடுத்து, செங்கலை யார் சுமக்கிறார்கள், வீடு யாருக்குக் கிடைக்கிறது என்று பேசிவிட்டு, பிறகு எழுத்தைப் பிரித்துக் காட்டுவார்கள். 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. திட்டம் நின்றது, ஃப்ரெய்ரே சிறைக்குப் போனார். பெயர் எழுதக் கற்றுக்கொடுத்ததற்காக யாரும் ஒருவரைச் சிறையில் போட மாட்டார்கள்.

நம் பக்கம் 1978இல் வந்த தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம், 15 முதல் 35 வயது வரை உள்ள 10 கோடிப் பேருக்கு 5 ஆண்டுகளில் என்று இலக்கு வைத்தது. எட்டவில்லை. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டமானதும்தான் நம்பிக்கை வந்தது. அதே வழியில் இங்கே அறிவொளி இயக்கம். புதுக்கோட்டையில் அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தும், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும், சம்பளம் வாங்காத ஆயிரக்கணக்கான தொண்டர்களும் சேர்ந்து செய்த வேலையை இன்றும் பயிற்சிகளில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கல் உடைத்துக் கூலி வாங்கிய பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். கணக்கு தெரியாமல் குவாரி நடத்த முடியுமா?

நெல்லூர் மாவட்டத்தில் நடந்தது இன்னும் பெரிது. அங்கே எழுத்தறிவுப் பாடநூலில் சீதம்மா கதை என்று ஒரு பாடம். ஊர்ப் பெண்கள் ஒன்றுகூடிச் சாராயக் கடையை மூட வைப்பதுதான் கதை. 1992இல் துபகுண்டா கிராமத்துப் பெண்கள் அதைப் படித்துவிட்டு நிஜமாகவே சாராயத்தை நிறுத்தக் கிளம்பினார்கள். ஊர் ஊராகப் பரவி, சாராய ஏலத்தையே நடத்த முடியாத நிலை வந்தது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திராவில் சாராயத்துக்குத் தடை. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு. அது ஓரிரு ஆண்டுகளில் தளர்த்தப்பட்டது வேறு விஷயம். வாசித்துப் புரிந்துகொண்ட பெண்கள் ஓர் அரசையே அசைத்தார்கள் என்பது வரலாறு. அந்த வழியில் வந்த நாம் பெயர் எழுதப் பழக்கிவிட்டு நிறுத்திக்கொள்வது எனக்குப் பெரிய வேதனை.

குழு நடத்துகிறவர்களே, வாசிக்கத் தெரியாதவரிடம் கையெழுத்து வாங்காதீர்கள். அவசரம் என்றால் முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள்: யார் கடன், எவ்வளவு வட்டி, கட்டாவிட்டால் யார் பொறுப்பு. நுண்கடன் ஒப்பந்தமும் கடன் அட்டையும் கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதிகள் சொல்கின்றன. ஆங்கிலத் தாளை நீட்டினால் தமிழில் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வெற்றுத் தாளில், நிரப்பாத படிவத்தில் யார் கேட்டாலும் கையெழுத்து கூடாது. அண்ணன் மகன் கேட்டாலும்தான்.

தன்னார்வலர்களுக்கு ஒன்று. ‘இந்தப் பாட்டிக்கு ஏறவே மாட்டேங்குது’ என்று சொல்வதற்கு முன்னால் கண்ணைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டிய பலருக்கு வெள்ளெழுத்து, பக்கத்தில் இருக்கும் எழுத்து மங்கலாகத் தெரியும். கண்ணாடி வந்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். முதல் நாளே பெயர் எழுத ஆசைப்படுவார்கள், எழுதட்டும், அந்தச் சந்தோஷம் நியாயமானது. மறுநாளே அந்தப் பெயரில் உள்ள எழுத்துகளை வைத்து வேறு சொல் வாசிக்க வையுங்கள். பாடம் முடிந்த பிறகும் பேருந்துப் பலகை, ரேஷன் குறுஞ்செய்தி, நூறு நாள் வேலை அட்டை என்று தினம் ஏதாவது வாசிக்கட்டும். விட்டால் சில மாதங்களில் மறந்துவிடும்.

பிள்ளைகளிடம் கெஞ்சியே கேட்கிறேன். ‘இந்த வயசுல படிச்சு என்ன செய்யப் போற’ என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட யாரும் சேரலாம், பணம் கட்ட வேண்டியதில்லை. மையம் எங்கே நடக்கிறது என்று பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள். முதல் சில நாட்கள் நீங்களே கூடப் போய் விட்டுவிட்டு வாருங்கள். தனியாகப் போகக் கூச்சப்பட்டே நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம்.