கேட்வாக்: நடையா, மேடையா?

ஆடை அணிவகுப்பு ஒன்றைப் பற்றிச் செய்தி எழுத முதன்முறையாகப் போனபோது, 'கேட்வாக்' என்ற சொல் என் காதில் விழுந்தது நிகழ்ச்சி தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பு. அரங்கின் கூரையை ஒட்டி ஓர் இரும்புப் பாதை போனது. எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி வழிவிட வேண்டும், அவ்வளவு குறுகல். அதில் மண்டியிட்டு ஒருவர் விளக்கைப் பொருத்திக்கொண்டிருந்தார். "கேட்வாக்கில் ஆள் இருக்கிறார், கீழே யாரும் நிற்காதீர்கள்" என்று மேடைப் பணியாளர் ஒருவர் குரல் கொடுத்தார். கேட்வாக் என்றால் மாடல்கள் ஆடை காட்டி நடக்கும் மேடை என்றே நினைத்திருந்த நான், எதிரே இருந்த நீண்ட மேடையைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. அவர் கை காட்டிய பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன்.

அன்று இரவு நான் எழுதிக் கொடுத்த செய்தியில் "கேட்வாக்கின் முனையில் புகைப்படக்காரர்கள் படிப்படியாக அடுக்கி நின்றார்கள்" என்று ஒரு வரி இருந்தது. மறுநாள் அச்சில் "பூனை நடையின் முனையில் புகைப்படக்காரர்கள்" என்று வந்தது. நடைக்கு ஏது முனை? நடையின் முனையில் எப்படி ஆள் நிற்பது? ஆண்டுகள் பல ஆகியும் பூனை நடை ஓயவில்லை. சென்ற வாரமும் ஒரு தலைப்பில் பார்த்தேன். இதற்குமேல் பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

வரலாறு சிறியதுதான். கேட்வாக் என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கப்பலிலும் நாடக அரங்கிலும் இருந்த ஒடுங்கிய நடைவழிக்கு ஆங்கிலத்தார் வைத்த பெயர். பூனைதான் நடக்க முடியும் என்னும்படி குறுகலான வழி. ஆடை காட்டும் நீண்ட மேடைக்கு அந்தப் பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.  

'பூனை நடை'க்காக வாதாடுகிறவர்கள் சொல்வது இது: மாடல்கள் ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை வைத்து நடக்கிறார்கள், பூனையும் அப்படித்தான் நடக்கிறது, ஆகவே பெயர் பொருத்தம். கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் பெயர் வந்த வழி அதுவல்ல. மாடல்கள் ஏறுவதற்கு முன்பே கப்பல் பணியாளர்கள் கேட்வாக்கில் ஏறிவிட்டார்கள். அவர்கள் பூனையைப் போல நடந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை; விழாமல் நடந்தார்கள், அவ்வளவுதான். அதோடு மேடையில் எல்லாரும் ஒரே மாதிரி நடப்பதும் இல்லை. நான் அன்று பார்த்த மாடல்களில் பாதிப் பேர் கனத்த பூட்ஸ் அணிந்து பலகை அதிர நடந்தார்கள். வடிவமைப்பாளர் கேட்ட நடை அது. அதையும் பூனை நடை என்றே எழுதுவதா?

பிற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஜெர்மானியர் 'லௌஃப்ஷ்டேக்' என்கிறார்கள், நடந்து செல்லும் ஒடுங்கிய பாலம் என்று பொருள். இத்தாலியர் 'பஸ்ஸெரெல்லா', ஸ்பானியர் 'பசரேலா' என்கிறார்கள், இரண்டும் நடைபாலம்தான். ஆங்கிலத்துக்குப் பக்கத்து வீட்டு மொழிகளே பூனையை வீட்டுக்குள் விடவில்லை. நாம் ஏன் தூக்கி வந்தோம்? சொல்லைப் பிய்த்து, துண்டுக்குத் துண்டு தமிழ் வைத்துவிட்டால் மொழிபெயர்ப்பு முடிந்தது என்ற நினைப்பால்தான். சிவப்புக் கம்பளம் தமிழில் நின்றது, ஏனென்றால் உண்மையிலேயே அங்கே சிவப்பாக ஒரு கம்பளம் விரித்திருக்கிறது. இங்கே பூனை எங்கே?

தமிழில் பூனை நடைக்குப் பொருள் இல்லாமலும் இல்லை, அதுதான் இன்னும் கெடுதல். 'பூனை மாதிரி நடந்து வந்தான்' என்றால் ஓசைப்படாமல், யாருக்கும் தெரியாமல் வந்தான் என்று பொருள். திருடனுக்கும், தூங்கும் குழந்தையை எழுப்பாமல் நழுவும் தாய்க்கும் உரிய நடை அது. ஆயிரம் விளக்குகளுக்கு நடுவே, எல்லாரும் பார்க்க வேண்டும் என்றே நடப்பவர்களுக்கு அதைச் சூட்டுவது நேர் எதிரான வேலை. நடைக்கு உவமை வேண்டுமென்றால் நம்மிடம் பஞ்சமா? அன்ன நடை உண்டு, பெண் யானையின் பிடி நடை உண்டு. வள்ளுவர் "ஏறுபோல் பீடு நடை" என்றார். ஆங்கிலத்துப் பூனையை நடக்கப் பழக்கும் நமக்கு, அன்ன நடை நடக்கப் போய் உள்ள நடையும் கெட்டது என்ற பழமொழி அப்படியே பொருந்துகிறது.

'ஒய்யார நடை' என்று எழுதுவோரும் உண்டு. தமிழ்ச் சொல் என்பதால் அதை மன்னித்துவிட முடியாது. ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருக்குமாம் ஈரும் பேனும் என்று மக்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒய்யாரத்தில் பகட்டும் குலுக்கலும் இருக்கின்றன. நான் பார்த்தவர்களின் முகத்தில் சிரிப்புக்கூட இல்லை. கண்கள் துணியின் மேல் போகட்டும் என்று தங்களை மறைத்துக்கொண்டே நடந்தார்கள்.

என் பரிந்துரை நடைமேடை. நடக்கும் மேடை, முனை உண்டு, நீளம் உண்டு, ஏறலாம், இறங்கலாம். அது ரயில் நிலையத்துச் சொல்லாயிற்றே என்று உடனே கேட்பார்கள். ஆங்கிலத்தில் இதே மேடைக்கு வழங்கும் இன்னொரு பெயர் ரன்வே. அங்கே விமானமும் இறங்குகிறது, ஆடையும் நடக்கிறது. விமானத்துக்கு முன்பு அது மான்கள் வழக்கமாகப் போகும் தடத்துக்குப் பெயராக இருந்தது. யாரும் குழம்பவில்லை. ரயிலுக்காக நிற்கிறோமா, ஆடைக்காக உட்கார்ந்திருக்கிறோமா என்பது வாசகருக்கும் தெரியும். ஆனால் ரன்வேயை 'ஓடுதளம்' ஆக்குவதை நான் ஏற்கமாட்டேன். அங்கே யாரும் ஓடுவதில்லை.

அணிவகுப்பு என்ற சொல்லை ராணுவ வாடை அடிக்கிறது என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்த சொல் இல்லை. அணி என்றால் உடுத்து, அணி என்றால் நகை, அணி என்றால் அழகு, அணி என்றால் வரிசை. ஆடை காட்டும் நிகழ்ச்சிக்கு வேண்டிய நான்கும் ஒரே சொல்லில் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்களும் படையின் அணிவகுப்புக்கும் ஆடையின் அணிவகுப்புக்கும் 'டெஃபிலே' என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக 'மாடல் அழகி'. 1858இல் பாரிஸில் கடை திறந்த சார்ல்ஸ் ஃபிரெடெரிக் வொர்த், தான் தைத்த உடையைத் தன் மனைவி மாரிக்கு உடுத்தி வாடிக்கையாளர்களுக்குக் காட்டினார். தைத்த துணி உடம்பில் எப்படி விழுகிறது என்று காட்டுவதே அந்த வேலை. அழகுப் போட்டி அல்ல. அன்று திரைக்குப் பின்னால் ஒரு பெண் அரை நிமிடத்துக்குள் உடை மாற்றி, காலணி வார் கட்டி, மறுபடி ஓடி வந்து மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். ஆணை மாடல் என்று எழுதும் அதே பேனா, அவரை எழுதும்போது மட்டும் ஏன் 'அழகி'யைச் சேர்க்கிறது? மாடல் என்ற சொல் நன்றாகவே பழகிவிட்டது. அது தனியாக நிற்கட்டும்.

என் பெயரில் தவறாக வந்த வரியை இங்கே திருத்தி வைக்கிறேன்: நடைமேடையின் முனையில் புகைப்படக்காரர்கள் படிப்படியாக அடுக்கி நின்றார்கள், முதல் மாடல் அவர்களை நோக்கி நடந்து வந்தார்.