நாய் பக்கத்தில் இருந்தால் பயம் ஏன் குறைகிறது?

பொதுக் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் போடும் இரைச்சல் நமக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு அது தாங்க முடியாத சத்தம். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், காதைப் பொத்திக்கொண்டு ஓடத் தோன்றும். அடுத்த முறை அந்தக் கதவைப் பார்த்தாலே கால் நகராது. “இதுக்கெல்லாமா பயம்?” என்று கேட்டுப் பயனில்லை. பிடிவாதமும் இல்லை, உடம்பு நிஜமாகவே ஆபத்து என்று நம்புகிறது.

அப்படிப்பட்ட குழந்தை நாயின் வாரைப் பிடித்துக்கொண்டு அதே கதவைத் தாண்டிப் போவதும் உண்டு. நாய் அப்படி என்ன செய்கிறது?

கனடாவில் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆட்டிசம் உள்ள 42 குழந்தைகளின் எச்சிலில், மன அழுத்தத்தின்போது கூடும் கார்டிசால் என்ற ஹார்மோனை அளந்து 2010இல் வெளியிட்டார்கள். காலையில் கண் விழித்த அரைமணி நேரத்துக்குள் இது பெரும்பாலோருக்கு ஏறும். பயிற்சி பெற்ற நாய் வீட்டுக்கு வருவதற்கு முன், அந்த ஏற்றம் 58 சதவீதம். நாய் இருந்த வாரங்களில் 10 சதவீதம். நாயைத் திரும்பக் கூட்டிப் போனதும் 48. ஆனால் ஒன்று: நாள் முழுவதற்குமான கார்டிசால் சராசரி மாறவே இல்லை. நாயை மருந்துபோல விற்பவர்கள் இந்த வரியைச் சொல்வதில்லை.

காரணம் என்ன? மனித முகம் ஒரே நேரத்தில் சொல், குரல், புருவம், கேலி என்று பலதையும் அனுப்புகிறது. எதை எடுத்துக்கொள்வது என்று புரியாமலே குழந்தை களைத்துவிடும். நாயிடம் உள்ளர்த்தம் கிடையாது. வாலும் காதும் உடம்பும் பெரும்பாலும் ஒரே சேதியைத்தான் சொல்லும். தவிர, மடியில் படுத்த நாயின் எடையும் சூடும் சீரான மூச்சும் பலருக்குப் படபடப்பைத் தணிக்கின்றன. நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்க்கும்போது, பாசத்தோடு தொடர்புள்ள ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுவதாக ஜப்பானில் 2015இல் கண்டார்கள். அது சாதாரண நாய் வளர்ப்பவர்களிடம் செய்த ஆய்வு என்பதால், இங்கே அதை அதிகம் இழுக்க வேண்டாம்.

சரி, படபடப்பு குறைந்தால் தைரியம் வந்துவிடுமா? வராது. அபாயத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி, பழைய பயத்தை அழிப்பதில்லை. கதவைத் தாண்டி, இரைச்சலைக் கேட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று அனுபவித்த பிறகே, நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதியின் துணையோடு “இது பரவாயில்லை” என்ற புது நினைவு பதிகிறது. அந்த முதல் அடி வைக்கும் அளவுக்குப் பதற்றத்தை இறக்குவதுதான் நாயின் வேலை. இதில் ஒரு சிக்கலும் உண்டு. எப்போதும் நாயோடு மட்டுமே போனால், ‘நாய் இருந்தால்தான் பாதுகாப்பு’ என்று மூளை கற்றுக்கொள்ளலாம். அதனால் நாயைக் கொஞ்சம் தள்ளி நிற்க வைத்து, அப்புறம் வாசலிலேயே விட்டு, படிப்படியாகப் பழக்குவது நல்லது.

எல்லாக் குழந்தைக்கும் இது ஒத்துவராது. குரைப்பே சிலருக்கு அந்த இயந்திரத்தைவிட மோசம். நாய்க்கும் எல்லை இருக்கிறது. இறுக்கிக் கட்டிப்பிடிக்கும்போது அது உதட்டை நக்கினால், தூக்கமில்லாமலே கொட்டாவி விட்டால், முகத்தைத் திருப்பினால், போதும் என்கிறது. அந்த மூன்றையும் குழந்தைக்குப் படம் காட்டியே சொல்லிக்கொடுக்கலாம்.