இரத்தத்துக்கும் காலாவதித் தேதி உண்டு

இரத்த வங்கியின் உள்ளறையில், இடைவிடாமல் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருக்கும் தட்டுகள் அடுக்கிய ஒரு பெட்டி இருக்கும். தட்டுகளில் கிடப்பவை மஞ்சள் நிறத் திரவம் நிரம்பிய பைகள். இரவிலும் விடுமுறை நாளிலும் அந்த ஆட்டம் நிற்பதில்லை. பைகளுக்குள் இருப்பவை, காயத்தில் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள். அவற்றின் ஆயுள் இரத்தம் எடுத்த நாளிலிருந்து பொதுவாக 5 நாட்கள். அதற்குள் தேவைப்படும் நோயாளி கிடைக்காவிட்டால் பை அழிக்கப்படும்.

குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஆயுளை நீட்டலாமே என்று தோன்றும். ஆனால் குளிர்ந்த தட்டணு தன் வட்ட வடிவத்தை இழந்து, அதன் மேற்பரப்பும் மாறிவிடுவதால், நோயாளியின் உடலுக்குள் சென்றதும் கல்லீரல் அதை விரைவில் வெளியேற்றிவிடுகிறது. ஆகவே 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே அதை வைத்திருக்க வேண்டியுள்ளது. அந்த வெப்பத்தில் தட்டணுக்கள் உயிர்ப்புடன் இயங்குவதால் அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். அது பையின் பிளாஸ்டிக் சுவர் வழியாகவே ஊடுருவுகிறது. அசைக்காமல் வைத்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதுடன், ஆக்சிஜன் போதாமல் லாக்டிக் அமிலமும் சேர்ந்து அவற்றை அழித்துவிடும். இதே வெப்பம் பாக்டீரியாக்களுக்கும் உகந்தது என்பதாலேயே கெடு இவ்வளவு குறுகியதாக இருக்கிறது. அந்தச் சில நாட்களிலும் ஒரு பகுதி பரிசோதனைகளுக்கே போய்விடுகிறது.

சிவப்பணுக்கள் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதில்லை. 2 முதல் 6 டிகிரி குளிரில் அமைதியாகக் கிடக்கும். இந்த வசதி வந்து ஒரு நூற்றாண்டுதான் ஆகிறது. உடலுக்கு வெளியே வந்த இரத்தம் சில நிமிடங்களில் உறைந்துவிடும் என்பதால், முன்பு கொடுப்பவரும் பெறுபவரும் அருகருகே இருந்தாக வேண்டியிருந்தது. உறைதலின் பல படிகளுக்குக் கால்சியம் தேவை. சிட்ரேட் என்னும் உப்பு அந்தக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதைக் கொண்டு 1914இல் பெல்ஜியத்தில் ஆல்பர்ட் ஹஸ்டினும் அர்ஜென்டினாவில் லூயிஸ் அகோட்டேயும் தனித்தனியே இரத்தம் ஏற்றிக் காட்டினர். 1916இல் ரவுஸ், டர்னர் என்ற இருவர் சிட்ரேட்டுடன் குளுக்கோஸையும் சேர்த்தனர்; மறு ஆண்டே ஆஸ்வால்ட் ராபர்ட்சன் என்ற மருத்துவர் அந்தக் கரைசலில் இரத்தத்தைச் சேமித்து, முதல் உலகப் போர்க்களத்தில் காயமுற்றோருக்கு ஏற்றினார்.

குளுக்கோஸ் எதற்கு? முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. தன் ஆற்றல் முழுவதையும் குளுக்கோஸைச் சிதைத்தே அது பெறுகிறது. பைக்குள் அந்த உணவு தீரத் தீர அணுவின் சவ்வு விறைக்கும், உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும், ஆக்சிஜனைத் திசுக்களிடம் விட்டுக்கொடுக்க உதவும் ஒரு பாஸ்பேட் சேர்மம் இரண்டு வாரங்களில் பெருமளவு குறைந்துவிடும். நோயாளியின் உடலுக்குள் போன பின் ஓரிரு நாட்களில் இச்சேர்மம் மீண்டும் உருவாகிவிடுகிறது என்றாலும், ஓர் எல்லைக்கு மேல் அணுக்களே மீள்வதில்லை. இன்று வழக்கத்திலுள்ள கரைசல்களில் அந்த எல்லை 35 நாட்கள், கூடுதல் ஊட்டக் கரைசல் சேர்த்தால் 42 நாட்கள். மைனஸ் 30 டிகிரியிலோ அதற்குக் கீழோ உறையவைத்தால், இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா ஓர் ஆண்டு தாங்கும்.

இந்தக் கெடுக்களை மனத்தில் வைத்துப் பார்த்தால், பேரிடர் நாளில் மருத்துவமனை வாசலில் நீளும் வரிசை வேறு விதமாகத் தெரியும். விபத்தில் சிக்கியவருக்கு முதல் மணி நேரத்தில் ஏற்றப்படுவது அன்று எடுத்த இரத்தம் அல்ல; எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி மற்றும் சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் முடிந்து, முந்தைய வாரங்களிலேயே அலமாரிக்கு வந்துவிட்ட இரத்தம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் இரத்தம் கொடுக்கத் திரண்டனர். உயிர் பிழைத்த காயமுற்றோர் குறைவு என்பதால், சேர்ந்ததில் ஒரு பெரும் பங்கு பயன்படாமலே காலாவதியானது. மக்களின் நல்லெண்ணத்தில் குறையில்லை. எல்லாரும் ஒரே வாரத்தில் வந்ததுதான் சிக்கல்.

நம் ஊரிலும் இதன் சிறிய வடிவம் உண்டு. தலைவர்கள், நடிகர்கள் பிறந்தநாளில் முகாம்கள் குவிகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடியதும் முகாம்கள் அருகிப்போகின்றன. அப்போது நோயாளியின் உறவினரிடம் "ஆள் கொண்டு வாருங்கள்" என்று சொல்ல நேர்கிறது. இப்படி அழைத்துவரப்படுபவருக்கு ஒரு நெருக்கடி இருக்கிறது. கட்டிலில் கிடப்பவர் சொந்த மாமாவாக இருக்கும்போது, படிவத்தில் கேட்கப்படும் அந்தரங்கக் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லிப் பின்வாங்குவது எளிதன்று. புதிதாகத் தொற்றிய கிருமி பரிசோதனையில் சிக்காத ஓர் இடைக்காலம் எப்போதும் உண்டு. அந்த இடைவெளியில் நோயாளிக்குக் காவலாக இருப்பது கொடையாளர் சொல்லும் உண்மை மட்டுமே. பணத்துக்காகக் கொடுப்பவரிடம் இந்த ஆபத்து இன்னும் அதிகம் என்பதால், 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 முதல் இந்தியாவில் இரத்தத்தை விலைக்குக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. எவர் வற்புறுத்தலும் இல்லாமல் தானாக வருபவருக்கு மறைக்க வேண்டிய காரணம் இல்லை. அவர் தொடர்ந்து வருபவராகவும் இருந்தால், ஒவ்வொரு முறையும் சோதிக்கப்படுகிறார்.

அடிக்கடி கொடுத்தால் உடல் தளர்ந்துவிடாதா என்பது நம் வீடுகளில் இன்னும் கேட்கும் கேள்வி. பெரியவர்களின் உடலில் கிலோவுக்கு ஏறத்தாழ 65 முதல் 75 மில்லிலிட்டர் இரத்தம் உண்டு. 50 கிலோ எடையுள்ளவரிடம் எடுக்கும் 350 மில்லிலிட்டர், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே. அதன் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஈடாகிவிடும். ஆக்சிஜன் சற்றுக் குறைந்ததைச் சிறுநீரகம் உணர்ந்து எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்க, எலும்பு மஜ்ஜை தன் சிவப்பணு உற்பத்தியை உயர்த்துகிறது. செல்கள் ஆக்சிஜன் அளவை எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டறிந்ததற்குத்தான் 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. சில வாரங்களில் சிவப்பணுக்களின் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

உண்மையில் தாமதமாவது இரும்புச்சத்து. ஒருமுறை கொடுக்கும்போது ஏறத்தாழ 200 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு வெளியேறுகிறது. குடலோ உணவிலிருந்து நாளொன்றுக்குச் சில மில்லிகிராமுக்கு மேல் உறிஞ்சாது. இந்தியாவில் ஆண்களுக்கு 90 நாட்கள், பெண்களுக்கு 120 நாட்கள் என்று இடைவெளி வகுத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறைந்தவரைத் திருப்பி அனுப்புவதும் அவர் நலம் கருதியே. அப்படித் திரும்பி வந்தவர், குறிப்பாகப் பெண்கள், அதை அவமானமாக எண்ணாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். செலவில்லாமல் கிடைத்த ஓர் இரத்தசோகை அறிவிப்பு அது.

உடலால் போதிய ஹீமோகுளோபினை உருவாக்க முடியாத தலசீமியா நோய் கடுமையாக உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை சிவப்பணுக்கள் ஏற்ற வேண்டும், அதுவும் ஆயுள் முழுவதும். அந்தத் தேவைக்குப் பண்டிகையும் இல்லை, கோடை விடுமுறையும் இல்லை. ஒரே அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் இரத்தம் கொடுக்கும் எண்ணத்துடன் இருந்தால், ஒரே நாளில் வேன் பிடித்துப் போவதைவிட, வாரத்துக்கு ஒருவராக முறை வைத்துக்கொண்டு போவது மேல். பன்னிரண்டாமவர் கொடுத்து முடித்த இரண்டு வாரங்களுக்குள் முதலாமவருக்கு 90 நாட்கள் நிறைவாகும். பெண்களுக்கு இன்னும் ஒரு மாதம் கூடும். படம் எடுத்துப் போட அந்த வரிசையில் கூட்டம் இருக்காது. ஆனால் அலமாரியில் ஏறத்தாழ ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய பை இருக்கும்.