லேப் கம்ப்யூட்டர்களுக்கு இமேஜ் போடுபவர்கள் கவனத்துக்கு

ஒரு கல்லூரி லேபிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். மாணவர்கள் முதல் தடவை லாகின் செய்யும்போது நாலைந்து நிமிஷம் திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் புகார். போய்ப் புதிதாக ஒரு யூசரை உருவாக்கி உள்ளே நுழைந்தேன். கல்லூரிச் சின்னம் போட்ட வால்பேப்பர், டாஸ்க்பாரில் வேண்டிய சாஃப்ட்வேர்கள், எல்லாம் அழகாகத்தான் இருந்தன. அப்புறம் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தேன். உருவாகி இரண்டு நிமிஷம்கூட ஆகாத அந்த யூசருக்கு வாரக்கணக்கில் பிரவுசிங் ஹிஸ்டரி இருந்தது. வங்கி, மருத்துவமனை அப்பாயிண்ட்மெண்ட், வேலை தேடிய பக்கங்கள். சேமித்த பாஸ்வேர்டுகள் பகுதிக்குப் போனால் அதுவும் ஒவ்வொன்றாகத் திறந்தது.

எல்லாம் அந்த லேபின் இமேஜைத் தயாரித்தவருடையவை. இமேஜ் என்றால் ஒரு மெஷினின் விண்டோஸ், சாஃப்ட்வேர், செட்டிங் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கும் முழு நகல், அதைத்தான் மற்ற மெஷின்களில் இறக்குவோம். அவர் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. தன் அக்கவுண்டிலேயே சில வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் செட் செய்திருக்கிறார், கடைசியில் தன் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து டீஃபால்ட் ஃபோல்டருக்குள் கொட்டிவிட்டு, அந்த மெஷினை இமேஜ் எடுத்து லேப் முழுக்க இறக்கிவிட்டார். நம் ஊரில் நிறையப் பேர் இதைத்தான் செய்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் டீஃபால்ட் என்று ஒரு ஃபோல்டர் மறைந்திருக்கும். யார் முதல் தடவை லாகின் செய்தாலும் விண்டோஸ் இதை நகலெடுத்துத்தான் அவருக்கு ப்ரொஃபைல், அதாவது அவருடைய சொந்த ஃபோல்டரும் செட்டிங்குகளும், உண்டாக்குகிறது. அதிலுள்ள என்டியூசர் டாட் டேட் என்ற ஃபைல்தான் அந்த யூசரின் ரெஜிஸ்ட்ரி, அதாவது அவருடைய செட்டிங்குகள் பதிவாகும் இடம். ஆக அந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறதோ அது வருகிற ஒவ்வொருவர் கைக்கும் போகும். அது 3 ஜிபி என்றால் ஒவ்வொரு முதல் லாகினுக்கும் 3 ஜிபி காப்பியாகும். கல்லூரிக்காரர்கள் சொன்ன நாலைந்து நிமிஷம் அதுதான்.

குரோமும் எட்ஜும் பாஸ்வேர்டை அந்தந்த விண்டோஸ் அக்கவுண்டின் சாவியோடு பூட்டி வைப்பதால் வேறு யூசரிடம் அது திறக்காது. ஆனால் புக்மார்க்கும் ஹிஸ்டரியும் திறக்கும். ஃபயர்ஃபாக்ஸில் பிரைமரி பாஸ்வேர்டு (சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்டும் பொதுப் பாஸ்வேர்டு) வைக்காமல் இருந்தால், பாஸ்வேர்டும் சாவியும் ஒரே ஃபோல்டரில்தான் இருக்கின்றன. ஃபோல்டர் கை மாறினால் எல்லாமே கை மாறியது போலத்தான். இது போதாதென்று ரெஜிஸ்ட்ரிக்குள் பழைய ஆளின் ஃபோல்டர் பாதை அப்படியே உட்கார்ந்திருக்கும். மாணவர் டாக்குமெண்ட்ஸில் சேமிக்கப் போனால் தனக்கு அனுமதியில்லாத வேறொருவர் ஃபோல்டரில் போய் முட்டுவார்.

எக்ஸ்பி காலத்தில் ப்ரொஃபைலைக் காப்பி செய்ய ஒரு பட்டனே உண்டு, அந்தப் பழக்கம்தான் இன்னும் விடவில்லை. விண்டோஸ் 7இலிருந்து அந்த பட்டன் சாதாரண ப்ரொஃபைல்களுக்கு வேலை செய்யாது. சரி, முறையான வழி என்ன? விண்டோஸ் புதிதாக ஏறி முதல் கேள்வி கேட்கும் திரையிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆடிட் மோடுக்குள் போகும், யூசர் யாரையும் உருவாக்காமலே மெஷினைத் தயார் செய்வதற்கான நிலை அது. அங்கே உள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்டில் வால்பேப்பர், தீம் எல்லாம் வையுங்கள், வேறு எந்த யூசரும் அந்த மெஷினில் இருக்கக்கூடாது, எதிலும் சைன் இன் செய்யாதீர்கள், முடிந்தால் நெட்டையே கழற்றிவிடுங்கள். நெட் இருந்தால் ஸ்டோர் ஆப்கள் தானாக அப்டேட் ஆகி சிஸ்பிரெப் (மெஷினை இமேஜ் எடுக்கத் தயார் செய்யும் விண்டோஸ் கருவி) பாதியில் நின்றுவிடும், இதில் நானே ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன். பிறகு அன்அட்டெண்ட் ஃபைலில் (விண்டோஸ் செட்அப்புக்கான பதில்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் ஃபைல்) ஸ்பெஷலைஸ் பகுதியில் காப்பிப்ரொஃபைல் என்பதை ட்ரூ என்று வைத்து, அந்த மெஷினுக்கே உரிய அடையாளங்களை நீக்கும் ஜெனரலைஸோடு சிஸ்பிரெப்பை ஓட்டுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டரில் வைத்த செட்டிங்குகளை டீஃபால்ட் ஃபோல்டருக்குக் கொண்டுபோவது இந்தக் காப்பிப்ரொஃபைல்தான். விண்டோஸ் 11இல் ஸ்டார்ட் மெனுவில் பின் செய்தவை இதில் ஒழுங்காக வரும் என்று நம்ப வேண்டாம், அதற்குத் தனியாக பாலிசி இருக்கிறது.

மாற்ற வேண்டியது இரண்டு மூன்று விஷயம்தான் என்றால் இவ்வளவு கூடத் தேவையில்லை. டீஃபால்ட் ஃபோல்டரின் என்டியூசர் ஃபைலை ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோடு செய்து, மாற்றிவிட்டு, மறக்காமல் அன்லோடு செய்துவிடுங்கள். நான் எந்த லேபுக்குப் போனாலும் அப்படி மாற்றுவது ஃபைல் எக்ஸ்டென்ஷன் தெரியும்படி வைப்பதைத்தான். பிடிஎஃப் போலத் தோன்றி உள்ளே ஈஎக்ஸ்ஈ ஆக இருக்கும் ஃபைலை ஒரு மாணவர் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்க அது நன்றாக உதவும். தமிழ்99 விசைப்பலகையும் அப்படித்தான். உங்கள் அக்கவுண்டில் சேர்த்தால் உங்களுக்கு மட்டும்தான் வரும், ரீஜன் செட்டிங்கில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் பகுதியில் புதிய யூசர்களுக்கும் காப்பி செய் என்று டிக் போட வேண்டும். இது தெரியாமல் லேபில் தமிழ் டைப் செய்ய முடியவில்லை என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்!

இன்னொன்று, குரூப் பாலிசியில் (யூசர் மாற்ற முடியாதபடி அட்மின் செட்டிங்குகளை விதிக்கும் வசதி) வால்பேப்பரைப் பூட்டுவது வேறு, டீஃபால்டாகக் கொடுப்பது வேறு. பார்வைக் குறைவுள்ள மாணவர் எழுத்தைப் பெரிதாக்கவோ கான்ட்ராஸ்ட்டை மாற்றவோ வேண்டியிருக்கும், அதையும் சேர்த்துப் பூட்டிவிடாதீர்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் பல இடங்களில் மறுபடி இமேஜ் போடும் வேலை நடக்கிறது. பழைய இமேஜையே மேம்படுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தால், முதலில் அதில் ஒரு புது யூசரை உருவாக்கி பிரவுசர், ரீசெண்ட் ஃபைல்கள், டவுன்லோட்ஸ் மூன்றையும் திறந்து பாருங்கள். டீஃபால்ட் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரைத் தேடியும் பாருங்கள்.

அந்தக் கல்லூரியில் முதல் வேலையாகப் பழைய ஆளுக்கு போன் போட்டு எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னோம். டீஃபால்ட் ஃபோல்டரைச் சரி செய்வது இனி வருகிறவர்களுக்குத்தான் பயன்படும், ஏற்கெனவே லாகின் செய்த மாணவர்கள் எல்லோரிடமும் அந்த நகல் இருந்தது. அவர்களுடைய சொந்த ஃபைல்களை பென் டிரைவில் எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு வாரம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு மெஷினிலும் சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் யூசர் ப்ரொஃபைல்ஸ் வழியாகவே அழித்தோம். எக்ஸ்ப்ளோரரில் போய் ஃபோல்டரை மட்டும் டெலீட் செய்தால் ரெஜிஸ்ட்ரியில் அதன் பதிவு தங்கிவிடும், அந்த மாணவர் அடுத்த தடவை வரும்போது டெம்பரரி ப்ரொஃபைலில் போய் நிற்பார்.