தென்னைக்கு ஒரே குருத்து, வண்டுக்கு எருக்குழி

தென்னைக்குக் கிளை கிடையாது. உச்சியில் இருக்கும் ஒற்றைக் குருத்துதான் அதன் உயிர். நல்ல நெட்டை மரம் மாதத்துக்கு ஒரு மட்டை விரிக்கும். மட்டைக்கு ஒரு பாளை. 60 ஆண்டு காய்க்கக்கூடிய இந்த மரத்தை, முட்டையிலிருந்து வண்டாக ஏறக்குறைய அரை ஆண்டே எடுத்துக்கொள்ளும் காண்டாமிருக வண்டு முடக்கிவிடுகிறது.

வண்டு தின்பது மரத்தில். பிறந்து வளர்வது எருக்குழியிலும் பட்டுப்போன தென்னந்தூரிலும். முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் அங்கேதான். வளர்ந்த வண்டு மட்டும் இரவில் பறந்து வந்து குருத்தைத் துளைக்கும். மரத்துக்கு மட்டும் மருந்து வைத்து வண்டு குறையவில்லையே என்று வருந்துபவர்கள் முதலில் குழியைப் பார்க்க வேண்டும்.

மடித்த காகிதத்தைக் கத்தரித்துப் பிரித்தால் இரு பக்கமும் ஒரே வெட்டு விழும் அல்லவா? மடிந்திருந்த குருத்தைக் கடித்த வடுவும் அப்படித்தான், விசிறி வெட்டாக விரியும். ஆனால் அது பழைய காயம். குருத்துக்கு அடுத்து மூன்றாவது மட்டையில் வெட்டு தெரிந்தால், கடித்து மூன்று மாதமாவது ஆகியிருக்கும். இன்று வண்டு உள்ளே இருக்கிறதா என்பதை மட்டை இடுக்கிலுள்ள ஓட்டையும், அதில் பிதுங்கி நிற்கும் ஈரச் சக்கையும்தான் சொல்லும்.

சக்கை தெரிந்தால் கம்பிக் கொக்கியை ஓட்டைக்குள் விட்டு வண்டை இழுத்தெடுங்கள். கொக்கி குருத்தின் அடியைக் குத்திவிடக் கூடாது. பிறகு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உள்ளிருக்கும் மூன்று மட்டை இடுக்குகளில் இடவும். இளங்கன்றுகளுக்கு மூன்று அந்துருண்டைகளை இடுக்கில் வைத்து மணலால் மூடி, 45 நாளுக்கு ஒருமுறை மாற்றலாம். காயத்தை அப்படியே விட்டால் சிவப்புக் கூன்வண்டு அதில் முட்டையிடும். அதன் புழு தண்டுக்குள்ளேயே தின்று வளர்வதால், கொண்டை சாயும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. அதற்குப் பிறகு மரத்தைக் காப்பாற்றுவது அரிது.

குழியில் இருக்கும் புழு வெள்ளையாக, கொழுத்து, பழுப்புத் தலையோடு அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும். புழுப்பருவம் பொதுவாக மூன்று மாதத்துக்குக் குறையாது என்பதால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடிவரை கிளறிப் பொறுக்கினால் பெரும்பாலானவை வண்டாகும் முன்பே சிக்கிவிடும். புழுவைத் தாக்கிக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையைத் தெளித்தால் எருவில் ஈரம் இருக்க வேண்டும். காய்ந்த குவியலில் அது வேலை செய்யாது.

வாசனையால் வண்டை ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி இரண்டு எக்டேருக்கு ஒன்று போதும். ஆமணக்குப் புண்ணாக்கு ஒரு கிலோவை ஐந்து லிட்டர் நீரில் கரைத்து மண்சட்டிகளில் வைத்தாலும் வண்டு வந்து விழும். பட்ட மரத்தைத் தூரோடு அகற்றாத தோப்பில் இவை எத்தனை வைத்தாலும் புது வண்டு வந்துகொண்டே இருக்கும்.