கோடைக்கும் கொண்டலுக்கும் நடுவே சென்னையின் ஜூன்

"கத்திரி முடிந்து இரண்டு வாரம் ஆகிறது, வெயில் குறையவே இல்லை. பெசன்ட் நகரில் இருக்கும் அக்காவைக் கேட்டால் 'இங்கே பதினொரு மணிக்கே காத்து வந்துடுது' என்கிறார். ஒரே ஊரில் இதெப்படி?" என்று தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

முதலில் கத்திரி. அது பஞ்சாங்கக் கணக்கு. சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும் நாட்கள். அந்தத் தேதிகளுக்கு வெயில் கட்டுப்பட வேண்டும் என்று ஒன்றும் இல்லை. சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது ஏப்ரல் 24, 25 வாக்கில். நகரத்தின் உச்சபட்சமான 45 டிகிரி பதிவானதோ 2003 மே மாதக் கடைசியில், கத்திரி முடிந்த பிறகு. சூரியனைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் இதில் இருக்கிறது என்பது இதிலேயே தெரிகிறது. அது காற்று.

மேற்கிலிருந்து வீசும் காற்றுக்குத் தமிழில் 'கோடை' என்றே பெயர். கிழக்கிலிருந்து வருவது 'கொண்டல்'. அந்தச் சொல்லுக்கு மழைமேகம் என்றும் பொருள் உண்டு. சென்னையின் ஜூன் மாதம் இந்த இரண்டுக்கும் நடக்கும் இழுபறிதான்.

கோடையின் கதை எளிது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தப்பட்டு, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி சூடேறும். அப்புறம் காய்ந்த சமவெளி முழுவதையும் கடந்து நம்மிடம் வருகிறது.

கொண்டலின் கதைதான் எனக்குப் பிடித்தது. 'நிலம் சூடாகிறது, காற்று மேலே போகிறது, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று வருகிறது' என்று பள்ளியில் படித்திருப்போம். தப்பில்லை, ஆனால் அழகான பகுதி அதில் விட்டுப்போகிறது. ஒரே அளவு இட்லி மாவை இரண்டு பாத்திரத்தில் ஊற்றி, ஒன்றை அடுப்போரமும் இன்னொன்றைக் குளிர்ந்த தரையிலும் வையுங்கள். அடுப்போர மாவு உப்பி மேலே வரும். உப்பினாலும் எடை மாறாது. விளிம்பைத் தாண்டி வழிந்த பிறகுதான் அந்தப் பாத்திரத்தின் எடை குறையும். நிலத்தின் மேல் இருக்கும் காற்றும் இப்படித்தான். சூடேறி உப்புவதால் மட்டும் தரையில் அழுத்தம் குறைவதில்லை. சில நூறு மீட்டர் உயரத்தில் அது கடல் பக்கமாக வழியத் தொடங்குகிறது. வழிந்த பிறகே நிலத்தின் மேல் எடை குறைகிறது, கடலின் மேல் கூடுகிறது. உடனே கீழே, கடலிலிருந்து நிலத்துக்குக் காற்று கிளம்புகிறது. நம் முகத்தில் படும் குளிர்ச்சிக்கான ஏற்பாடு தலைக்கு மேலே, எதிர்த் திசையில்தான் தொடங்குகிறது! முதன்முதலில் இது புரிந்த அன்று வெகுநேரம் மெரினாவில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக் கிளம்பிய கொண்டலைக் கோடை எதிர்த்துத் தள்ளுகிறது. கொண்டல் பதினொரு மணிக்குக் கரையேறினால் அன்று 36, 37 டிகிரியோடு தப்பித்தோம். இரண்டு மணி வரை வெளியே நிறுத்தப்பட்டால் 41, 42.

சரி, மழை? கொண்டல் குளிர்ந்தது, கனமானது. ஆகவே ஆப்பு மாதிரி வெப்பக் காற்றின் அடியில் நுழைந்து அதை மேலே தூக்குகிறது. தூக்கப்படும் காற்றில் ஈரம் இருந்தால் பிற்பகலில் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் இடிமேகம் திரளும். உயரத்தில் வீசும் மேற்குக் காற்று அந்த மேகத்தைத் திருப்பி நகரத்துக்கே கொண்டுவந்து இரவில் கொட்டவைக்கும். பகலில் நம்மை வாட்டிய அதே மேற்குத் திசைதான்.

2019 ஜூனில் தவறியது இந்த ஈரம்தான். முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது. சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் தருவது அதுதான். ஃபானி புயல் நம் பக்கம் வராமல் ஒடிசாவுக்குப் போய்விட்டது. அரபிக்கடலில் வாயு புயல் பருவமழையின் நடையைத் தாமதப்படுத்தியது. நாடு முழுவதும் அந்த ஜூனில் 33 சதவீதம் மழை குறைவு. செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் என்ற குடிநீர் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டிருந்தன. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பத்தில், 30 டிகிரியில் இருக்கும் எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். ஏரியும் ஈரமண்ணும் தினமும் விழுங்கும் வெப்பம் இது. விழுங்க ஆளில்லாதபோது வெயில் மொத்தமும் மண்ணையும் காற்றையுமே சுட்டது. கொண்டல் தூக்கியும் மேகம் திரளவில்லை. ஜூன் 20 வாக்கில்தான் முதல் நல்ல மழை எட்டிப்பார்த்தது. ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

அந்த நாட்களில் மழை வேண்டி யாகங்கள் நடந்தன. தண்ணீர் இல்லாத மக்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் யாகத்தால் ஆப்பின் மேலிருக்கும் காற்றில் ஒரு சொட்டு ஈரம்கூட ஏறாது. அந்தப் பணமும் கவனமும் ஏரியைத் தூர்வாரப் போயிருக்க வேண்டும். இன்னொன்றுக்கும் போகலாம். உயரத்தில் வீசும் காற்றை அளக்கும் பலூன்களின் வழக்கமான நேரம் காலை 5.30, மாலை 5.30. இழுபறி நடப்பதோ நண்பகலில். கோடை மாதங்களிலாவது பத்து மணிக்கு ஒரு பலூன் கூடுதலாக விட்டால், கொண்டல் எப்போது கரையேறும் என்பதை இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். கட்டட வேலை செய்பவர்களுக்கு எந்த மணிக்கு ஓய்வு தர வேண்டும் என்பதை அந்த ஒரு தகவல் தீர்மானிக்கும். இதற்குச் செலவழிக்கத் தயங்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இனி அக்கா வீடு. கரையேறிய கொண்டல், எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டு மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் நகரும். தாம்பரம் கடலிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். அக்காவுக்குப் பதினொரு மணிக்கு வந்த காற்று உங்கள் தெருவுக்கு வர பன்னிரண்டு, பன்னிரண்டரை ஆகிவிடும். கோடை பலமாக இருக்கும் நாளில் நடுவழியிலேயே நின்றும் விடும். நாளை காலை அவருக்குப் போன் செய்து, காற்று வந்த நேரத்தைக் கேட்டுக் குறித்து வையுங்கள். உங்கள் வீட்டு வேப்பமரம் எப்போது திசை மாறி அசைகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.